ஆமத்தூர் வழியே ஒரு பாட்டுப் பிரயாணம்

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் ஆமத்தூரைக் கடக்காமல் போக முடியாது. ஆனால் ஆமத்தூரில் இறங்கிப் பார்த்தவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். "இது என்ன ஊர்?" என்று ஜன்னல் வழியே தலையை நீட்டுவார்கள், "ஆமத்தூர்" என்று பதில் வந்ததும் தலையை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். அவ்வளவுதான்!

நேயர்களே, இன்று உங்களை அந்த ஆமத்தூருக்குத்தான் அழைத்துப் போகப் போகிறேன். கோயில் குளம் பார்க்க அல்ல. பட்டாசு வாங்கவும் அல்ல. உங்கள் வீட்டுச் சமையலறையில் தினமும் நடக்கிற ஒரு பாட்டுத் தகராறுக்குப் பஞ்சாயத்துச் சொல்ல இதைவிடப் பொருத்தமான பாதை வேறு இல்லை என்பது என் எண்ணம்.

தகராறு என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். காலையில் அலமாரித் தட்டில் கைபேசியைச் சாய்த்து வைத்துவிட்டுத் தோசை வார்க்கிறீர்கள். கையெல்லாம் மாவு. பாட்டுச் செயலியில் நீங்கள் பார்த்துப் பார்த்துச் சேர்த்த நூறு பாட்டுக்கள் இருக்கின்றன. ‘ஷஃபிள்’ என்ற பொத்தானைத் தட்டிவிட்டீர்கள். சீட்டுக் கட்டைக் கலைத்துப் போடுவதற்குத்தான் அந்தப் பெயர். முதல் பாட்டு பி. சுசீலா. பேஷ்! இரண்டாவது பாட்டு, அதுவும் சுசீலா. மூன்றாவது, நேற்றுக் காலையில் கேட்ட அதே பாட்டு. நாலாவதாக முருகன் பாட்டு வந்து மனசு உருகுகிற சமயத்தில், ஐந்தாவதாக ஒரு குத்துப் பாட்டு வந்து தோசைக் கரண்டியையே ஆட வைக்கிறது! "நூறு பாட்டு இருக்கிறதே, இந்தப் பெட்டிக்கு நாலு பாட்டுத்தான் தெரியுமா?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். பதிலைப் பஸ்ஸில் போய்க்கொண்டே பார்ப்போம், ஏறுங்கள்.

விருதுநகரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1903-ல் காமராஜர் பிறந்த ஊர். தமிழ்நாடு என்ற பெயருக்காக 1956-ல் சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் இருந்த ஊர். பருப்பு, மிளகாய் வற்றல், எண்ணெய் என்று உங்கள் மாதச் சாமான் பட்டியலில் பாதிக்கு விலை பேசுகிற ஊர். எண்ணெயில் பொரித்தெடுக்கிற புரோட்டாவுக்கும் பேர்போன ஊர். அந்தப் புரோட்டாவைச் சாப்பிட்டுவிட்டுச் சிவகாசி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால், டிரைவர் ஆசனத்துக்குப் பக்கத்துப் பெட்டியிலிருந்து பாட்டு ஆரம்பமாகிவிடும். விரல் நீளத்துக்கு ஒரு ‘பென் டிரைவ்’. அதற்குள்ளே நூற்றுக்கணக்கான பாட்டுக்கள். அதிலும் கலைத்துப் போடுகிற வசதி உண்டு. ஆகவே உங்கள் சமையலறைத் தகராறு இங்கே பஸ் முழுவதற்கும் பொதுவான தகராறு!

ஊரைத் தாண்டியதும் இரு பக்கமும் கரிசல் மண், சீமைக் கருவேல முட்புதர், பரந்த வானம். மழை அபூர்வம், வெயில் தாராளம். விவசாயத்துக்கு இது சாபம். ஆனால் தீக்குச்சியும் மருந்தும் ஈரம் படாமல் காய்வதற்கு இதுவே வரமாகப் போயிற்று. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். தீப்பெட்டிக்குப் பின்னால் பட்டாசு வந்தது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேண்டுமே, அதற்காக அச்சுத் தொழில் வந்தது. அந்த மூன்றும் சேர்ந்து வளர்த்த பாதையில்தான் நாம் போய்க்கொண்டிருக்கிறோம்.

ஏறக்குறைய பாதி வழி வந்ததும், இதோ ஆமத்தூர். இறங்கி ஒரு டீ சாப்பிடலாம். சாப்பிட்டுக்கொண்டே முதல் கேள்விக்கு வருவோம்.

ஒரே பாடகியின் பாட்டு அடுத்தடுத்து ஏன் வருகிறது? பெட்டி சரியாகக் கலைக்கவில்லை என்பது உங்கள் சந்தேகம். உண்மை நேர்மாறானது. சரியாகக் கலைத்ததினால்தான் அப்படி வருகிறது!

சமையலறையில் கடுகு டப்பா கை தவறி விழுந்திருக்கும் அல்லவா? தரையில் கடுகு எப்படிக் கிடந்தது என்று நினைத்துப் பாருங்கள். புள்ளிக் கோலம் மாதிரி சம தூரத்தில் கிடந்ததா? இல்லை. இங்கே நாலு ஒட்டிக்கொண்டு, அங்கே ஒரு சாண் இடம் வெறுமையாக, மூலையில் ஏழெட்டுக் கூட்டம் போட்டுக்கொண்டு கிடந்திருக்கும். தற்செயல் என்பதன் முகம் அதுதான். 100 பாட்டுக்களில் 10 பாட்டு ஒரே பாடகி பாடியது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பட்சமும் இல்லாமல் கலைத்தால்கூட, அந்தப் பத்தில் இரண்டாவது எங்கேயாவது பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்பது 100 தடவைக்குச் சுமார் 63 தடவை நடக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தே சொல்கிறேன். தாயக்கட்டையை உருட்டுகிறவர்களுக்கு இது ஆச்சரியமாக இராது. வேண்டாத எண் மூன்று தடவை தொடர்ந்து விழுந்ததற்காக எத்தனை பேர் கட்டையையே மாற்றச் சொல்லியிருக்கிறார்கள்!

அடுத்த கேள்வி: நேற்று வந்த பாட்டே இன்றும் ஏன் வருகிறது?

இதற்குப் பழைய உதாரணம் ஒன்று இருக்கிறது. பராந்தக சோழன் காலத்தில் உத்திரமேரூரில் சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்த குடவோலை முறையைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுக்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. ஓலைகளைக் குடத்தில் போட்டுக் கலக்கி, ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவனைவிட்டு எடுக்கச் சொன்னார்கள். எடுத்த ஓலையைத் திருப்பிக் குடத்தில் போடாமல் தனியே வைத்துக்கொண்டே போனால், கடைசி ஓலை வரையில் எதுவும் இரண்டு தடவை வராது. இங்கிலாந்தில் ரொனால்ட் ஃபிஷரும் ஃபிராங்க் யேட்ஸும் 1938-ல் வெளியிட்ட அட்டவணைப் புத்தகத்தில் இந்த யோசனையையே எண்களை வைத்து ஒழுங்கான முறையாக எழுதினார்கள். அவர்களுக்குப் பாட்டைப் பற்றிக் கவலை இல்லை. எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்று பட்சபாதம் இல்லாமல் பிரிப்பது போன்ற விவசாயச் சோதனைகள்தான் அவர்கள் கவலை! 1964-ல் ரிச்சர்ட் டர்ஸ்டன்ஃபெல்ட் என்பவர் அதைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி சுருக்கிக் கொடுத்தார். இன்று பாட்டுக்களைக் கலைக்கிற வித்தைக்கு ஆதாரம் அதுதான்.

பிறகு ஏன் நேற்றைய பாட்டு? நீங்கள் தினமும் காலையில் பொத்தானைப் புதிதாகத் தட்டுகிறீர்கள். எடுத்து வைத்த ஓலையெல்லாம் மறுபடி குடத்துக்குள் போய்விடுகிறது! 100 பாட்டில் தினம் 5 பாட்டு வீதம் 20 நாள் இப்படிக் கேட்டால், ஆக மொத்தம் 100 தடவை பாட்டு ஒலித்திருக்கும். ஆனாலும் சுமார் 36 பாட்டுக்கள் ஒரு தடவைகூட உங்கள் காதில் விழுந்திருக்காது. அவை ஓரவஞ்சனைக்கு ஆளானவை அல்ல. குடத்தின் அடியில் கிடந்துவிட்டவை. ஆகவே, நேற்று நிறுத்திய இடத்திலிருந்து தொடர்ந்தால் பாதித் தொல்லை போய்விடும்.

டீ ஆயிற்றா? கொஞ்சம் நடந்து வருவோம்.

இந்தச் சுற்று வட்டாரத்தில் பட்டாசு ஆலைகளைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொள்ளலாம். பெரிய கட்டடம் எதுவும் இராது. வெட்ட வெளியில் சின்னச் சின்ன அறைகள், ஒன்றுக்கொன்று எட்டி எட்டி நிற்கும். ஓர் அறையில் நெருப்புப் பிடித்தால் அடுத்ததற்குத் தாவக் கூடாதே, அதற்காக. ஓர் அறைக்குள் இத்தனை பேருக்கு மேல் உட்காரக் கூடாது, இவ்வளவுக்கு மேல் மருந்து வைத்திருக்கக் கூடாது, இதை அதோடு கலக்கக் கூடாது என்று எல்லாவற்றுக்கும் விதி உண்டு. கைபேசியும் உள்ளே கூடாது.

நமக்குத் தற்செயல் என்றால் விளையாட்டு. இங்கே அதற்கு வேறு அர்த்தம். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடி விபத்தில் 30-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அதற்கு முன்பும் பின்பும் நடந்தவை பல. ஒரு கை நடுங்கினால், ஒரு பிடி மருந்து கூடினால் என்ன ஆகும் என்பது இந்த ஊர்ப் பெண்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

தீபாவளியன்று மொட்டை மாடியில் நின்று நீங்கள் ரசிக்கிற ‘பேன்ஸி’ ரக வாணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள்ளே குழாய் குழாயாக அடுக்கி, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் திரி ஓடும். எது முந்தி, எது பிந்தி, நடுவில் எத்தனை இடைவெளி என்பதைத் திரியின் ஓட்டம் நிர்ணயிக்கும். முதலில் பச்சை, கொஞ்சம் பொறுத்துச் சிவப்பு, கடைசியில் எல்லாம் சேர்ந்து ஒரே ஜோதி! "அடடா, சிதறுகிறதே!" என்று நாம் அண்ணாந்து பார்க்கிறோம். சிதறல் மாதிரி தோன்றுகிறது. உள்ளே இருப்பது வரிசை.

அந்த வரிசைக்குப் பின்னால் இருக்கிற கைகளில் பெரும் பகுதி பெண்களுடைய கைகள். காலையில் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து கம்பெனி வேன்களில் வருகிறார்கள். சாயங்காலம் அதே வேனில் திரும்புகிறார்கள். பகல் முழுவதும் விதி, அளவு, கவனம். பாட்டுக் கேட்க அவர்களுக்குக் கிடைப்பது போகிற வழியும் வருகிற வழியும்தான். சாயங்கால வேன் ஒன்றில் இப்படி ஒரு பேச்சை நீங்கள் கற்பனை செய்துகொள்ளலாம்:

"அண்ணாச்சி, நல்ல பாட்டா ஓடிக்கிட்டிருந்துச்சே, ஏன் இப்படி மாத்திட்டீக?"

"நானா மாத்துறேன், தாயி? பெட்டிதான் மாத்துது!"

பெட்டிதான் மாத்துது! நம் தகராறு முழுவதும் இந்த இரண்டு வார்த்தைகளில் அடங்கிவிட்டது. குற்றம் சாட்ட ஆள் இல்லை. கேட்டு வாங்கவும் ஆள் இல்லை.

சரி, மறுபடி பஸ் ஏறிச் சிவகாசிக்குப் போவோம். அச்சகங்கள் நிறைந்த ஊர். உங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிற காலண்டர் இங்கே அச்சானதாக இருந்தாலும் இருக்கும். அந்த லட்சுமியின் புடைவையை ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். வழவழவென்று தெரிந்த நிறமெல்லாம் பொடிப் பொடிப் புள்ளிகளாகப் பிரிந்துவிடும்! நாலே மையைப் புள்ளி புள்ளியாக, சீராகப் பரப்பி, நம் கண்ணை ஏமாற்றி ஆயிரம் வர்ணம் காட்டுகிறார்கள். புள்ளிகள் கடுகு மாதிரி சிதறிக் கிடந்தால் லட்சுமியின் கன்னத்தில் தேமல் விழுந்த மாதிரி இருக்கும்.

வெகு தொலைவில் சுவீடனில் பிறந்த ஸ்பாட்டிஃபை கம்பெனிக்கும் கடைசியில் இந்தப் புள்ளி யோசனைதான் கைகொடுத்தது. "உங்கள் ஷஃபிள் சரியில்லை, ஒரே பாடகர் திரும்பத் திரும்ப வருகிறார்" என்று ஜனங்கள் புகார் செய்துகொண்டே இருந்தார்கள். பட்சமில்லாமல் கலைத்ததுதான் புகாருக்குக் காரணம் என்பதை உணர்ந்து அவர்கள் வழியை மாற்றினார்கள். படங்களில் புள்ளியைச் சீராகப் பரப்புகிற முறையை ஒட்டி, ஒரு பாடகரின் பாட்டுக்களைப் பட்டியல் நெடுகக் கிட்டத்தட்டச் சம இடைவெளியில் பரப்பினார்கள். 2014-ல் அந்தக் கம்பெனிப் பொறியாளர் ஒருவரே இதை விளக்கி எழுதினார். ஆப்பிள் கம்பெனி அதற்கும் முன்பே, 2005-ல், இதே காரியத்தைச் செய்தது. தற்செயலைக் குறைத்தால்தான் ஜனங்களுக்குத் தற்செயல் மாதிரி தோன்றுகிறது என்று ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையிலேயே சொல்லிச் சிரிக்க வைத்தார்.

பார்த்தீர்களா வேடிக்கையை! கடுகு வேண்டும் என்று கேட்டோம். கடுகு கொடுத்தார்கள், கோபித்துக்கொண்டோம். கோலப் புள்ளியைக் கொடுத்து, "இதுதான் கடுகு" என்றார்கள், சந்தோஷப்பட்டோம்!

இத்தோடு தகராறு தீர்ந்ததா? தீரவில்லை. தீராததற்குக் காரணம் தெரிய வேண்டுமானால் இன்னும் 20 கிலோமீட்டர் போல மேற்கே வர வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் தூரத்திலேயே தெரிகிறது, கன்னத்தில் போட்டுக்கொள்ளுங்கள். பால்கோவா பிற்பாடு!

ஆண்டாள் பிறந்த ஊர் இது. திருப்பாவைப் பாசுரங்கள் 30. மார்கழியில் நாளைக்கு ஒன்று. முதல் பாசுரத்தில் மாதம் பிறக்கிறது. தோழிகளை ஒவ்வொருத்தியாக எழுப்பிக்கொண்டு போகிறாள். பிறகு கண்ணனையே எழுப்பிக் கேட்க வேண்டியதைக் கேட்கிறாள். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் இவற்றுக்கு ராகம் அமைத்தார். எம். எல். வசந்தகுமாரி அவற்றைப் பாடிய இசைத்தட்டு எத்தனையோ வீடுகளில் மார்கழியையே விடிய வைத்திருக்கிறது. முதல் பாசுரம் நாட்டையில் கம்பீரமாகத் தொடங்கும். முப்பதாவது சுருட்டியில் இதமாக முடியும். இதில் போய் ஷஃபிள் பொத்தானைத் தட்டினால் என்ன ஆகும்? கதவு திறப்பதற்கு முன்பே வரம் கிடைத்துவிடும். வரம் கிடைத்த பிறகு தோழி தூங்கிக்கொண்டிருப்பாள்! புள்ளியை எவ்வளவு சீராகப் பரப்பினாலும் இதைச் சரிப்படுத்த முடியாது. பரப்புவது வேறு, வரிசை வேறு.

கச்சேரிக்கு இன்ன இடத்தில் வர்ணம், இன்ன இடத்தில் விஸ்தாரமான கீர்த்தனை, கடைசியில் துக்கடா, மங்களம் என்று இன்றைக்கு நாம் கேட்கிற பத்ததியை நிலைநாட்டியவரும் அதே அரியக்குடிதான். கடல் கடந்தவர்களுக்கும் இந்த உணர்ச்சி உண்டு. அடேல் என்ற ஆங்கிலப் பாடகி 2021 நவம்பரில் தம் புதிய இசைத்தொகுப்பை வெளியிட்டபோது, தொகுப்பைத் திறந்ததும் கலைத்துப் பாடுகிற வழக்கத்தை மாற்றும்படி கேட்டார், ஸ்பாட்டிஃபையும் இணங்கியது. பாட்டுக்களை அடுக்கியவள் ஒரு கதை சொல்லியிருக்கிறாள், அதை அப்படியே கேளுங்கள் என்பதுதான் அவர் கட்சி.

அவ்வளவு தூரம் போவானேன்? இந்தக் கரிசல் கிராமங்களில் அம்மன் கோயில் பொங்கலுக்கு மைக் செட் கட்டுகிறவரைக் கேளுங்கள். விடியற்காலையில் முதல் தட்டு சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு. பொழுது ஏற ஏற எல். ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு. மத்தியானம் சினிமாப் பாட்டு. சாயங்காலம் கூட்டம் சேர்ந்ததும் துள்ளல் பாட்டு. கல்யாண வீட்டுக்கு ஓர் அடுக்கு, சாவு வீட்டுக்கு வேறோர் அடுக்கு. அவர் கம்ப்யூட்டர் படித்ததில்லை. ஆனால் தாலி கட்டுகிற நேரத்தில் சோகப் பாட்டைப் போட்டுவிட மாட்டார். ஏனென்றால் அவருக்கு முகூர்த்தம் தெரியும். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று தெரியும். பெட்டிக்குத் தெரியாதது அதுதான்.

ஆகவே என் பஞ்சாயத்துத் தீர்ப்பு இது. ஷஃபிள் பொத்தானைத் திட்டாதீர்கள். அதற்குரிய வேலையை மட்டும் அதற்குக் கொடுங்கள். ஒரே மாதிரியான பாட்டுக்கள் சேர்ந்த பட்டியலில், எது முந்தி வந்தாலும் பாதகமில்லை என்கிற இடத்தில், அது சமர்த்தாகக் கலைக்கும். சுலோகத்தையும் துள்ளல் பாட்டையும் ஒரே பட்டியலில் வைத்துவிட்டு, வெண்டைக்காயோடு வெல்லம் வந்தது என்று குறை சொல்வதில் நியாயம் இல்லை. திருப்பாவை போல் வரிசையே உயிரான பாட்டுக்களில் அந்தப் பொத்தானைத் தொடவே தொடாதீர்கள். நீங்கள் சேர்க்காத பாட்டுக்களைத் தானே செருகுகிற புது மாதிரி ஷஃபிளும் 2023 முதல் வந்திருக்கிறது. அது அழையா விருந்தாளி. வேண்டாமென்றால் நிறுத்தி வைக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பட்டியலையாவது உங்கள் கையால் அடுக்குங்கள். காசெட் காலத்தில் 60 நிமிஷ நாடாவுக்கு எத்தனை பாட்டுக் கொள்ளும் என்று கணக்குப் பார்த்து, ஒரு தாளில் எழுதிக்கொண்டு பாட்டுப் பதிகிற கடைக்குப் போனவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அந்தச் சிரமத்தில் பத்தில் ஒரு பங்கு போதும். காலைக்கு ஒன்று, இரவு பாத்திரம் கழுவி முடித்த பிறகு கேட்க ஒன்று. ஊரிலிருந்து அம்மா வந்தால் அவளுக்காக ஒன்று.

இன்னொரு சிறு வேண்டுகோள். ஆமத்தூர்ப் பாதையில் சாயங்கால வேன் ஓட்டுகிற அண்ணாச்சி யாராவது இதைப் படித்தால் அவருக்கும் சொல்கிறேன். நாள் முழுவதும் திரியையும் மருந்தையும் வரிசை தவறாமல் கையாண்ட பெண்கள் உங்கள் வண்டியில் உட்கார்ந்திருக்கிறார்கள். "என்ன பாட்டு வேண்டும், தாயி?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள்.

அதைக் கேட்கிற பொத்தானை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை!